குளூனிப் பேராலயம்: எழுந்த கதையும் இடிந்த கதையும்

நவம்பர் 2ஆம் நாள் வந்துவிட்டால் நம் பங்குகளில் கல்லறைத் தோட்டங்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. புல் செதுக்கப்பெற்று, சிலுவைகளுக்கு வெள்ளை பூசப்பெற்று, மாலையில் மெழுகுவர்த்திகள் ஏற்றப்பெறுகின்றன. குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும் ஆண்டில் இந்த ஒரு நாளைக் குறித்துவைக்கும் வழக்கம் எங்கிருந்து பரவியது என்று தேடிப் போனால், பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், குரோன் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் அமைந்த ஒரு சிறு நகரில் நாம் சென்று நிற்போம். அந்நகரின் பெயர் குளூனி.

இம்மாதம் நாம் காணவிருப்பது அந்நகரில் இருந்த துறவற மடத்தின் ஆலயத்தையே. 'இருந்த' என்றுதான் எழுத வேண்டியுள்ளது. முகப்பு மண்டபத்திலிருந்து பீடத்தின் பின்புறச் சிற்றாலயம் வரை ஏறத்தாழ 187 மீட்டர், அதாவது அறுநூறு அடிக்கும் மேல், நீண்டு கிடந்த ஆலயம் அது. உரோமையில் இன்று நாம் காணும் புனித இராயப்பர் பேராலயத்துக்கு 1506இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அது எழுந்து முடியும் வரையில், கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரிய ஆலயம் வேறொன்று இருந்ததில்லை. இன்றோ அதில் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. நிலநடுக்கம் அதை வீழ்த்தவில்லை. பகைவரின் படையும் வீழ்த்தவில்லை. கல் வியாபாரிகள் கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு, இருபத்தைந்து ஆண்டுகள் சாவகாசமாக இடித்து விற்றுத் தீர்த்தார்கள். இத்துணைப் பெரிய ஆலயம் எதற்காக எழுந்தது, அது இடிபட்டபோது அதைத் தடுக்க ஏன் ஆளில்லாமல் போயிற்று என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

நாய்களா, துறவிகளா?

கி.பி. 910ஆம் ஆண்டளவில் அக்கித்தேன் நாட்டுக் கோமகனான வில்லியம், புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குப்படி வாழும் மடம் ஒன்றை நிறுவ எண்ணி, பெர்னோ என்னும் மடாதிபதியை அழைத்து இடத்தைத் தெரிந்துகொள்ளும்படி சொன்னார். பெர்னோ சுட்டியது குளூனியை. அது கோமகனுடைய வேட்டைக் காடு. அவருடைய வேட்டை நாய்கள் அங்கேதான் இருந்தன. நாய்களை எங்கே கொண்டுபோவது என்று கோமகன் தயங்கினாராம். இறைவன் திருமுன் தங்களுக்குப் பயன்படப்போவது நாய்களின் குரைப்பா, துறவிகளின் செபமா என்று பெர்னோ கேட்டாராம். மெய்யோ பொய்யோ, கதை நன்றாக இருக்கிறது. நாய்கள் வெளியேறின, துறவிகள் குடியேறினர்.

கோமகன் எழுதிக் கொடுத்த சாசனமோ கதையன்று. அக்காலத்தில் ஒரு மடத்துக்கு நிலம் கொடுத்த பிரபு, அம்மடத்தையே தம் சொத்தாகக் கருதுவதும், தம் மகனையோ தம்பியையோ மடாதிபதியாக அமர்த்துவதும், வருவாயைத் தாமே எடுத்துக்கொள்வதும் எங்கும் நடந்து வந்தன. வில்லியம் அவ்வாறு செய்யவில்லை. மடத்தை அப்போஸ்தலர்களான புனித இராயப்பருக்கும் புனித சின்னப்பருக்கும் உரிமையாக்கி, தம் குடும்பத்தாருக்கோ அரசனுக்கோ அதில் கைவைக்க உரிமையில்லை என்றும், உரோமையே அதற்குக் காவல் என்றும், மடாதிபதியைத் துறவிகளே தேர்ந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதிவைத்தார். குளூனியின் பெருமைக்கெல்லாம் இச்சாசனமே விதை.

அடுத்து அதற்குக் கிடைத்த வாய்ப்பு, நீண்ட ஆயுள் பெற்ற நல்ல தலைவர்கள். புனித ஓதிலோ 994 முதல் 1049 வரையும், அவரையடுத்துப் புனித ஹ்யூகோ 1049 முதல் 1109 வரையும் மடாதிபதிகளாக விளங்கினர். இருவருமாக 115 ஆண்டுகள்! அவ்வளவு காலத்தில் உரோமையில் எத்தனையோ பாப்பரசர்கள் மாறிவிட்டார்கள். குளூனியின் ஆளுகைக்கு உட்பட்ட மடங்கள் நூற்றுக்கணக்கில் பெருகி, ஸ்பெயின் முதல் இங்கிலாந்து வரை பரவின.

தம் ஆளுகைக்கு உட்பட்ட மடங்கள் அனைத்திலும், சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாளுக்கு மறுநாள், மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும் மணியடித்துச் செபித்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்து ஏழைகளுக்குத் தருமம் செய்ய வேண்டுமென்று கட்டளையிட்டவர் புனித ஓதிலோவே. பழைய மரபு இக்கட்டளையை 998ஆம் ஆண்டுக்குரியதாகச் சொல்லும். 1030ஐ ஒட்டியது என்பார் இக்கால ஆய்வாளர் பலர். அதற்கு முன்னும் இறந்தோருக்காகச் செபிக்கும் நாள்கள் ஆங்காங்கே இருந்தனவாயினும், குளூனியின் மடங்கள் பரந்து கிடந்ததால் நவம்பர் 2 என்பது நாளடைவில் திருச்சபை முழுவதற்கும் பொதுவாயிற்று.

இறந்தோர் செபமும் ஸ்பெயின் நாட்டுப் பொன்னும்

பேராலயம் எழுந்ததற்கு அடிப்படை இங்கேதான் இருக்கிறது. குளூனித் துறவிகளின் முதல் வேலை செபம். புனித ஆசீர்வாதப்பர் 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்தில் ஓதி முடிக்கும்படி வகுத்திருந்தார். குளூனியிலோ நாளொன்றுக்கே நூறுக்கு மேற்பட்ட சங்கீதங்கள் ஓதப்பட்ட காலமும் உண்டு. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை அவர்கள் ஆலயத்திலேயே கழித்தனர். ஒரு துறவி இறந்தால் அவர் பெயர் நினைவு ஏட்டில் எழுதப்பட்டது. அவர் உண்ணும் உணவு முப்பது நாள் ஓர் ஏழைக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டுதோறும் நினைவு நாளில் மீண்டும் செபமும் ஏழைக்கு உணவும். இவ்வேட்டில் தம் பெயரும் தம் தாய் தந்தையர் பெயரும் இடம்பெற வேண்டுமென்று பொதுநிலையினரும் விரும்பினர். வயலும் திராட்சைத் தோட்டமும் ஆலைகளும் காணிக்கையாக வந்து குவிந்தன.

அவ்வாறு விரும்பியோரில் தலையாயவர் காஸ்டீல், லெயோன் நாடுகளின் அரசர் ஆறாம் அல்போன்சு. அவருடைய தந்தை ஆண்டுக்கு 1,000 பொற்காசுகள் கொடுத்து வந்தார். மகன் 1077இல் அதை 2,000 ஆக உயர்த்தினார். ஹ்யூகோவின் உடன்பிறந்தார் வழி மகளான கொன்ஸ்தான்சு என்பவரையே அல்போன்சு மணந்திருந்தார் என்பதால் உறவும் சேர்ந்துகொண்டது. அப்பொன் எங்கிருந்து வந்தது? தெற்கு ஸ்பெயினின் இஸ்லாமியச் சிற்றரசர்கள், தங்கள் மீது படையெடுக்காமலிருக்க அல்போன்சுக்குக் கட்டி வந்த கப்பத்திலிருந்து வந்தது. இதை மூடிமறைப்பதில் பயனில்லை. பர்கண்டியின் பேராலயத்துக்கு ஆந்தலூசியாவின் உழவரும் கைவினைஞரும் அறியாமலே பங்களித்தார்கள்.

இனி, ஆலயம் கட்டத் தூண்டிய கனவைப் பார்ப்போம். குன்சோ என்னும் முதிய துறவி, முன்பு வேறொரு மடத்தின் தலைவராயிருந்தவர், கைகால் விழுந்து குளூனியின் நோயாளர் அறையில் கிடந்தார். ஓரிரவு புனித இராயப்பரும், சின்னப்பரும், முடியப்பரும் அவருக்குத் தோன்றினர். பழைய ஆலயம் துறவிகளுக்குப் போதவில்லை, புதிதாகக் கட்டும்படி ஹ்யூகோவுக்குச் சொல் என்று இராயப்பர் பணித்து, கயிறுகளை இழுத்துப் பிடித்து நீளமும் அகலமும் இவ்வளவென்று அளந்து காட்டினாராம். செய்தியைச் சொன்னால் நீ எழுந்து ஏழாண்டுகள் வாழ்வாய் என்றும் வாக்களித்தாராம். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடியொன்றில் இக்காட்சி ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. படுத்திருக்கும் துறவியும், கயிறு பிடிக்கும் அப்போஸ்தலர்களும் அதில் அழகுற அமைந்துள்ளனர். கட்டடக் கலைஞர் கயிறும் முளையும் கொண்டு தரையில் அளவு குறிக்கும் வழக்கத்தையே அவ்வோவியம் நமக்குக் காட்டுகிறது.

குன்சோ சங்கீதம் பாடுவதில் வல்லவர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம். புதிய ஆலயத்துக்கு வடிவம் கொடுத்தவராகச் சொல்லப்படும் மற்றொருவர், லியேஜ் நகரிலிருந்து வந்து துறவியான ஹெசெலோ. ஆக, பாடத் தெரிந்தவர் ஒருவரும் அளக்கத் தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்த வேலை அது.

வளைகூரையின் துணிச்சல்

1088ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. பழைய ஆலயம், அதாவது 981இல் நேர்ந்தளிக்கப்பட்ட இரண்டாவது ஆலயம், அப்படியே நிற்க, அதற்கு வடக்கே புதியது எழுந்தது. பீடமிருக்கும் கிழக்குப் பகுதி முதலில் முடிந்தது. 1095 அக்டோபர் 25ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அர்பன் நேரில் வந்து பெரிய பீடத்தை அபிஷேகம் செய்தார். அவர் இதே மடத்தில் துறவியாகவும் தலைமைத் துணைவராகவும் இருந்தவர். தம் வீட்டுக்கு வந்தவர் போல வந்தார். அடுத்த மாதமே கிளேர்மோன் நகரில் அவர் ஆற்றிய உரை முதலாம் சிலுவைப் போருக்கு வித்திட்டது. அதனால் விளைந்த நன்மை தீமைகளைப் பேச இது இடமன்று.

ஆலயத்தினுள் மேற்கிலிருந்து நடந்து செல்வதாகக் கற்பனை செய்துகொள்வோம். நடுக்கூடத்தின் இரு மருங்கிலும் இரண்டிரண்டு பக்கக்கூடங்கள். ஆக ஐந்து கூடங்கள் அருகருகே ஓடுகின்றன. பதினொரு தூணிடைகளைக் கடந்தால் வலமும் இடமுமாக விரியும் பெரிய குறுக்குக்கூடம். அதையும் கடந்து நடந்தால் இன்னொரு சிறிய குறுக்குக்கூடம். சாதாரணமாக ஆலயங்கள் ஒரு சிலுவை வடிவில் அமையும். இங்கே சிலுவைக்கு இரண்டு குறுக்குக் கைகள். அதற்கப்பால் பீடத்தைச் சுற்றி அரைவட்ட நடைபாதை. அதிலிருந்து ஐந்து சிற்றாலயங்கள் பூவிதழ் போல வெளியே விரிகின்றன. குறுக்குக்கூடங்களிலும் பல சிற்றாலயங்கள் உண்டு. அத்தனை சிற்றாலயங்கள் எதற்கு? இறந்தோருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டிய திருப்பலிகள் பெருகின, பலி நிறைவேற்றும் குருக்களும் மடத்தில் பெருகினர், ஆகவே பீடங்களும் பெருக வேண்டியிருந்தது. நினைவு ஏட்டின் நீளமே கட்டடத்தின் நீளமாயிற்று என்றால் அது மிகையாகாது.

இனிக் கூரையைப் பார்ப்போம். அக்காலத்து ஆலயங்கள் பலவற்றுக்கு மரக்கூரையே. மரம் எளிதில் தீப்பற்றும். பாட்டொலியையும் அது விழுங்கிவிடும். கல்லால் வளைகூரை அமைத்தால் தீப் பயம் குறையும். துறவிகளின் குரல் கல்லில் பட்டுத் திரும்பி நீடித்து ஒலிக்கும். நாள் முழுதும் பாடுபவர்களுக்கு இது சிறிய காரியமன்று. ஆனால் கல்வளைவு தன் பாரத்தைக் கீழ்நோக்கி மட்டும் இறக்குவதில்லை. இருபுறச் சுவர்களையும் வெளிப்புறமாக ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். எனவே, கல்கூரை வேண்டுமென்றவர்கள் கூரையைத் தாழ்வாக வைத்துச் சுவரைத் தடிப்பாகக் கட்டினார்கள். சாளரத்துக்காகச் சுவரைத் துளைக்க அஞ்சினார்கள். அதனால் உள்ளே இருள்.

குளூனியார் மூன்றையும் ஒருங்கே விரும்பினர்: கல்கூரை வேண்டும், உயரம் வேண்டும், ஒளியும் வேண்டும். நடுக்கூடத்தின் வளைகூரை ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் நின்றது. கூடத்தின் அகலமோ அதில் பாதிக்கும் குறைவு. அரைவட்ட வளைவுக்குப் பதிலாக, கூப்பிய கைகளின் விரல்நுனி போல மேலே கூர்மையாகச் சந்திக்கும் கூர்வளைவை அவர்கள் கையாண்டனர். கூர்வளைவு சுவரை வெளியே தள்ளும் வேகம் அரைவட்டத்தைவிடக் குறைவு. கூர்வளைவு என்றதும் 1140க்குப் பின் பாரீசைச் சூழ்ந்து எழுந்த கோதிக் ஆலயங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே குளூனி அதைப் பயன்படுத்திவிட்டது. தூண் வரிசைக்கு மேலே அடைத்த சிறு வளைவுகளின் வரிசை, அதற்கு மேலே சாளர வரிசை, அதற்கும் மேலே கூரை என்று சுவர் மூன்றடுக்காக உயர்ந்தது. கூரைக்கு அடியிலேயே வரிசையாகச் சாளரங்களைத் திறந்துவைத்ததுதான் பெருந்துணிச்சல். எங்கே சுவர் வலுவாக இருக்க வேண்டுமோ அங்கேயே அதைத் துளைத்தார்கள் அல்லவா!

துணிச்சலுக்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1125இல் நடுக்கூடத்தின் வளைகூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எவருக்கும் காயமில்லை என்று அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்துள்ளார். அந்த ஆண்டு மடத்துக்கே போதாத ஆண்டு. ஹ்யூகோவுக்குப் பின் மடாதிபதியாகி, 1122இல் பதவி விலகிய போன்சு என்பவர், ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் திரும்பி வந்து, புதிய மடாதிபதி இல்லாத வேளையில் மடத்தைக் கைப்பற்றிக் கொண்டார். ஆலயத்தின் பொன் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி ஆட்களுக்குக் கூலி கொடுத்ததாகவும் சொல்வர். உரோமை தலையிட்டு அவரை வெளியேற்றியது. அடுத்த ஆண்டு அவர் உரோமையில் சிறையில் இறந்தார். கூரை இடிந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும் மக்கள் இரண்டையும் இணைத்தே பேசியிருப்பர் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

கூரையைச் செப்பனிட்டு வேலையை முடித்தவர் வணக்கத்துக்குரிய பீட்டர் என்னும் மடாதிபதி. 1130 அக்டோபர் 25ஆம் நாள், பெரிய பீடம் அபிஷேகமான நாளிலிருந்து சரியாக 35 ஆண்டுகள் கழித்து, பாப்பரசர் இரண்டாம் இன்னசென்ட் ஆலயத்தை நேர்ந்தளித்தார். மேற்கே முகப்பு மண்டபம் முடிய இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

புனித பெர்நார்து எழுப்பிய கேள்வி

கட்டட வேலை நடந்துகொண்டிருந்த அக்காலத்திலேயே, அதே பர்கண்டியிலிருந்து கடுமையான ஒரு குரல் எழுந்தது. சிஸ்தெர்சிய சபையின் புனித பெர்நார்து 1125ஐ ஒட்டி எழுதிய ஒரு நூலில், ஆலயங்களின் அளவற்ற உயரத்தையும் வேண்டாத நீள அகலத்தையும், கண்ணைப் பறிக்கும் அலங்காரத்தையும் கண்டித்தார். சுவர்களுக்குப் பொன் பூசப்படுகிறது, ஏழைகளோ உடுக்கத் துணியின்றி நிற்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயர்கள் மக்களுக்காக அலங்காரம் செய்தால் அதற்கொரு பொருளுண்டு. உலகைத் துறந்த துறவிகளுக்கு அது எதற்கு என்று கேட்டார் அவர்.

இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. கப்பப் பொன் வந்த வழியை அறிந்தவர்கள் இன்னும் தள்ள முடியாது. அதே வேளையில், குளூனியில் ஏழைகள் மறக்கப்பட்டார்கள் என்று சொல்வதும் நியாயமன்று. இறந்த துறவிகளின் பங்காக ஏழைகளுக்கு இட்ட உணவு அளவுகடந்து பெருகியதால், உயிரோடிருக்கும் துறவிகளுக்கே உணவு இல்லாமல் போகும் நிலை வந்தது. நாளொன்றுக்கு 50 பங்குக்கு மேல் போகலாகாது என்று வணக்கத்துக்குரிய பீட்டர் விதி செய்ய வேண்டியதாயிற்று! ஸ்பெயினிலிருந்து பொன் வருவது நின்ற பின், கட்டி முடித்த ஆலயத்தைப் பேணுவதற்கே அவர் கடன்பட்டார். பெர்நார்தும் பீட்டரும் ஒருவரையொருவர் கண்டித்துக் கடிதம் எழுதிக்கொண்டே நண்பர்களாகவும் இருந்தனர். பெர்நார்தின் முயற்சியால் கண்டனத்துக்கு உள்ளான அறிஞர் அபெலார்து, நோயுற்றுக் களைத்து வந்தபோது அடைக்கலம் கொடுத்ததும் குளூனியே. பெர்நார்துடன் அவரைச் சமாதானப்படுத்தி வைத்து, 1142இல் நன்மரணம் அடையும்வரை பேணினார்கள். பெரிய ஆலயம் கட்டியவர்களுக்குப் பெரிய மனமும் இருந்தது.

பெர்நார்து கண்டித்த அலங்காரத்தில் தப்பிப் பிழைத்தவை சில உண்டு. பீடத்தைச் சுற்றி அரைவட்டமாக நின்ற உயர்ந்த தூண்களின் தலைப்புகள் அவை. ஒன்றில் ஏதேன் தோட்டத்து நான்கு ஆறுகளும் மரங்களும். இரண்டில் திருச்சபை இசையின் எட்டுப் பண்களும் மனித உருவில். பண் ஒன்று நரம்புக் கருவியை மீட்டுகிறது. இன்னொன்று தோளில் கழியைச் சுமந்து, அதில் தொங்கும் சிறு மணிகளை ஒலிக்கச் செய்கிறது. இசையின் இலக்கணத்தையே கல்லில் செதுக்கிப் பீடத்தருகே நிறுத்திய துறவிகள் எதற்காக வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இடிபட்ட கதை

அதன் பின் வந்த ஆறு நூற்றாண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1516இல் பாப்பரசருக்கும் பிரெஞ்சு அரசருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின் மடாதிபதிகளை அமர்த்தும் உரிமை அரசர் கைக்குச் சென்றது. வில்லியம் கோமகனின் சாசனம் எதைத் தடுத்ததோ அதுவே நடந்தது. மடத்தில் வாழாமல் அதன் வருவாயை மட்டும் பெறும் பெரிய மனிதர்கள் மடாதிபதிகள் ஆனார்கள். கர்தினால் ரிஷலியேவும் கர்தினால் மசரனும் அப்பட்டியலில் உண்டு. 1562இல் மதப் போரின் போது மடம் கொள்ளையிடப்பட்டது. 1750க்குப் பின் துறவிகளே தங்கள் பழைய மடத்துக் கட்டடங்களை இடித்துவிட்டு, அரண்மனை போன்ற புதுக் கட்டடம் எழுப்பினர். பழையதை மதியாத பழக்கம் புரட்சிக்காரர்களிடமிருந்து மட்டும் வந்ததன்று.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி. திருச்சபையின் சொத்துகள் அனைத்தும் நாட்டுக்கு உரியன என்று தேசிய சபை முடிவு செய்தது அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள்! ஓதிலோ குறித்துக் கொடுத்த அதே நாளில், அவருடைய மடம் சொத்திழந்தது. யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. நாட்காட்டி செய்த வேலை. 1790இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டன. 1793இல் கலகக் கும்பல் ஆலயத்தில் புகுந்து கல்லறைகளையும் சுரூபங்களையும் உடைத்தது. 1798இல் அரசு ஆலயத்தை மாக்கோன் நகர வியாபாரிகளுக்கு விற்றுவிட்டது.

வியாபாரிகளுக்கு அது ஆலயமன்று, கல்லுடைக்கும் குவாரி. கூரை ஈயமும் மரமும் முதலில் போயின. நடுக்கூடத்தின் குறுக்கே ஒரு தெருவை வெட்டினார்கள். 1810இல் பெரிய மேற்கு வாயில், அதன் மேலிருந்த சிற்பங்களோடு வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. அதன் துண்டுகளை இன்றும் மண்ணிலிருந்து எடுத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோபுரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பீடம் இருந்த கிழக்குப் பகுதியில் நெப்போலியன் ஆட்சியில் அரசுக் குதிரைப் பண்ணை அமைக்கப்பட்டு, அதன் லாயங்களுக்கும் ஆலயக் கல் பயன்பட்டது. வேட்டை நாய்கள் வெளியேறிய இடத்தில் குதிரைகள் குடியேறின. 1823இல்தான் இடிப்பு வேலை ஓய்ந்தது.

ஏன் யாரும் தடுக்கவில்லை? புரட்சியாளரின் மதவெறுப்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது முழு விடையாகாது. அதே பர்கண்டியில் வெசலே மடத்து ஆலயம் நிற்கிறது. தூர்னு நகர மடத்து ஆலயம் நிற்கிறது. தெற்கே கொன்க் மடத்து ஆலயமும் நிற்கிறது. அங்கும் துறவிகளோ அவர்களுக்குப் பின் வந்த குருக்களோ கலைக்கப்பட்டார்கள், சொத்துகள் பறிக்கப்பட்டன. ஆனால் அவ்வாலயங்கள் ஊர் மக்களின் பங்குக்கோவில்கள் ஆயின. ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் அவை தேவைப்பட்டன. வெசலே ஆலயம் சிதைந்து சாயும் நிலைக்கு வந்தபோதும், 1840இல் வியோலே-ல-துக் என்னும் இருபத்தாறு வயதுக் கலைஞர் வந்து தூக்கி நிறுத்தும்வரை, அது எப்படியோ ஒரு பங்காகவே உயிரோடிருந்தது. குளூனி மக்களுக்கோ புனித மர்செல் கோவிலும் தேவமாதா கோவிலும் ஏற்கெனவே இருந்தன, இன்றும் இருக்கின்றன. மடத்து ஆலயம் அவர்களுடையதாக என்றுமே இருந்ததில்லை. ஏழு நூற்றாண்டுகள் அதன் நிழலில் வாழ்ந்தவர்கள், அதற்கு வாடகையும் வரியும் செலுத்தியவர்கள், அதன் பீடத்தருகே முழந்தாளிட்டவர்கள் அல்லர். அரசர்களின் பெயர்களை ஏட்டில் எழுதிவைத்த மடம், பக்கத்துத் தெருக் குடும்பங்களைத் தன் ஆலயத்துக்கு உரியவர்களாக்கிக்கொள்ளவில்லை. இதுவே உண்மையான காரணம் என்பது நம் கருத்து.

எஞ்சியிருப்பவை

பெரிய குறுக்குக்கூடத்தின் தெற்குக் கை இன்றும் நிற்கிறது. அதன் மேல் எண்கோண வடிவில் 'தீர்த்தக் கோபுரம்' என்னும் மணிக்கோபுரம். உள்ளே நுழைந்து மேலே பார்ப்பவர்கள் ஒரு கணம் பேச்சிழப்பர். முப்பது மீட்டருக்கு மேல் ஒடுங்கி உயரும் அந்தக் கூடம், ஒரு கையின் பகுதிதான் என்பதை நம்புவது கடினம். பண்களைச் செதுக்கிய தூண்தலைப்புகள், மடத்தின் பழைய மாவுக் களஞ்சியத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் மரக்கூரைக்கடியில், பீடத்தைச் சூழ்ந்து நின்றது போலவே அரைவட்டமாக வைக்கப்பட்டுள்ளன. 1928 முதல் 1950 வரை கென்னத் கோனன்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இங்கு அகழ்வாராய்ச்சி நடத்தி, அடித்தளங்களைக் கண்டு அளந்து, மறைந்த ஆலயத்தைத் தாளில் வரைந்து எழுப்பினார். அவர் கூறியவற்றில் பலவற்றைப் பின்வந்தோர் திருத்தியுள்ளனர். ஆயினும் அவரில்லையேல் நாம் இவ்வளவு எழுதியிருக்க முடியாது. மடத்துக் கட்டடங்களில் 1901 முதல் இயங்கிவரும் பொறியியல் கல்லூரியின் மாணவர்கள், 1990களின் தொடக்கத்தில் அவ்வாலயத்தைக் கணிப்பொறியில் கட்டிக் காட்டினார்கள். இடிந்த இடத்தில் நின்றுகொண்டு, திரையில் பழைய நடுக்கூடத்தைக் காணும் வசதி இப்போது உண்டு.

அங்கிருந்து வடக்கே பத்துக் கிலோமீட்டரில் தெசே. சகோதரர் ரோஜர் 1940இல் தொடங்கிய செபக் குழுமத்தை நம் இளைஞர் அறிவர். மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் பாரே-லே-மோனியால். புனித மார்கரீத் மரியம்மாளுக்கு இயேசுவின் திரு இருதயம் காட்சி தந்த ஊர் என்பதை நம் குடும்பங்களில் அறியாதவர் இல்லை. காட்சி நடந்தது அங்குள்ள மினவுதல் சபைக் கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தில். அதனருகே ஆற்றங்கரையில் நிற்கும் பெரிய ஆலயம் குளூனிக்கு உட்பட்டிருந்த பழைய மடத்தினுடையது. அதுவும் புரட்சிக்குப் பின் பங்குக்கோவிலாகித் தப்பியது. அதே கூர்வளைவுகள், அதே மூன்றடுக்குச் சுவர், பீடத்தைச் சுற்றி அதே நடைபாதை. பதினொரு தூணிடைகளுக்குப் பதில் மூன்று. ஐந்து சிற்றாலயங்களுக்குப் பதில் மூன்று. 30 மீட்டருக்குப் பதில் 22. திரு இருதயத் திருத்தலத்துக்குத் திருப்பயணம் போகும் நம்மவர்கள், சிற்றாலயத்தில் செபித்து முடித்ததும் பேருந்துக்கு விரையாமல் இவ்வாலயத்துக்குள் சிறிது நேரம் அமர்வார்களாக. மறுநாள் குளூனிக்குப் போனால், தெருவோரத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் தூண் அடிகளின் மீது எதைக் கற்பனையில் எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.